வாசலில் அமர்ந்த சொல்தா

ஹூஸ்டன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அட்டையில் பிரெஞ்சுக் குடியரசு என்று பொன்னெழுத்து. எதிரே நெற்றியில் திருநீறோடு ஒரு கறுத்த மனிதன். "பிரான்சில் எந்த ஊர்?" என்று கேட்டார். "பாரிஸில் விமானம் மாறினேன், அதைத் தவிர பிரான்சை நான் பார்த்ததில்லை" என்றேன். உண்மையைச் சொன்னதற்காக என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் அப்பா சொல்தா. இன்றைக்கு வியட்நாம் என்கிறோமே, அதை இந்தோசீனா என்று சொன்ன காலத்தில், வியட்நாமியர்களோடு பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய யுத்தத்தில் அவர் இருந்தார். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டார். ஆக, நானும் பிரெஞ்சுக்காரன். பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க நான் சொல்லிக்கொடுத்ததும் பிரெஞ்சு மொழிதான்.

என் ஒரே மகள் கயல் ஹூஸ்டனில் இருக்கிறாள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப் போகுமாம். குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. கூட வேலை பார்க்கும் மின் என்கிற வியட்நாமியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, எனக்கும் மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். வரும்போது தாத்தா போட்டோவை எடுத்து வரச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் மூத்தோர் படங்களை மேடையில் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நிச்சயம் செய்வார்களாம். பெண் வீட்டு மூத்தவர் படமும் வேண்டும் என்று அந்தப் பையனின் அப்பா கேட்டிருக்கிறார்.

சொல்தா வீட்டில் மூத்தவர் படம் என்றால் ஒன்றுதான். கூடத்துச் சுவரில், மாலைக்குள், சீருடையில் தொப்பியோடு, மார்பில் பதக்கத்தோடு அப்பா நிற்பாரே, அது. பிள்ளைகள் பிறக்கும்போதும் பேரப்பிள்ளைகள் பிறக்கும்போதும் குழந்தையை முதலில் அந்தப் படத்துக்குத்தான் காட்டுவோம். ஒரு நொடிகூட யோசிக்காமல் அதைக் கழற்றி, இரண்டு வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கயலும் மின்னும் வெளியே காத்திருந்தார்கள். மின் ஒல்லி, கண்ணாடி, என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். வண்டியை ஓட்டியவள் கயல். பேசிக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள். நம் ஊரில் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே ஃப்ரீவேயில் ஒரு திருப்பத்தை விட்டால் ஊரையே ஒரு சுற்று சுற்றித்தான் வரவேண்டும். பசி காதை அடைத்தது.

நேராக ஒரு வியட்நாமியக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய கிண்ணத்தில் சேமியா மாதிரி அரிசி இழை, மேலே துளசி போன்ற இலை, எலுமிச்சை, பச்சை மிளகாய். சூப்பின் வாசனை தெரியாதது. ஆனால் பக்கத்துத் தட்டில் இருந்த சாஸின் மீன் வாசனை எனக்குத் தெரியும். அப்பா அந்த நாட்டில் கற்றுக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நெம் சுருட்டுவார். கறியும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிப் பொரித்து, இந்த மாதிரி சாஸில் தொட்டுத் தின்பது. எங்கள் தெருவே வாசனை பிடிக்கும். அப்புறம் மேசைக்கு வந்தது நீட்டு ரொட்டி. புதுச்சேரியில் காலையில் சைக்கிளில் வருமே, அதே ரொட்டி. வெள்ளைக்காரன் இரண்டு ஊரிலும் விட்டுப்போனது இதுதான் போலிருக்கிறது என்று மின்னிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தான்.

சிரித்த பிறகு, "தாத்தாவுக்கு ரொட்டி பிடிக்காது, வீட்டுக்குள்ளேயே விடமாட்டாராம், அப்பா சொல்வார்" என்றான். எந்தத் தாத்தா என்று கேட்டேன்.

"அப்பாவோட அப்பா. மேடையில அவர் படம்தான் இருக்கு. ஹைஃபாங் துறைமுகத்துல பிரெஞ்சுக் கப்பல் குண்டு போட்டப்போ செத்துட்டார். யுத்தம் ஆரம்பிச்சதே அங்கதான்."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். பெட்டியில் வேட்டிக்குள் இருப்பவர் காவல் நின்றதும் அந்தத் துறைமுகத்தில்தான்.

கயல் வீட்டுக்கு வந்து, மின் கிளம்பிப்போனதும் படத்தைப் பிரித்துக் காட்டினேன். கயல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, வயசான போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வருவீங்கன்னு நெனச்சேன். வேட்டி கட்டிக்கிட்டு."

"உங்க தாத்தா வேட்டியில போட்டோவே எடுத்துக்கலையேம்மா."

"மின் வீட்ல தாத்தா சொல்தான்னு நான் சொல்லவே இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்பது தெரியும், அந்த யுத்தம் யாரோடு என்பதும் தெரியும். மாப்பிள்ளை எந்த நாடு என்பதும் தெரிந்துதான் விமானம் ஏறினேன். மூன்றையும் சேர்த்து யோசிக்க எனக்கே தோன்றவில்லை, குழந்தையை என்ன சொல்வது.

மறுநாள் கயல் வேலைக்குப் போய்விட்டாள். கீழ்வீட்டில் இருக்கும் சுந்தரி என்கிற கோயம்புத்தூர் அம்மாள் நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்க என்னைக் கூட்டிப்போனார். கயல் அவரை ஆன்ட்டி என்பாள். ஹில்கிராஃப்ட் தெருவில் இறங்கினால் சென்னைப் பாண்டிபஜாரில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது: புடவைக்கடை, நகைக்கடை, பருப்பு மூட்டை, ஊதுவத்திப் புகை. நடக்கத்தான் யாரும் இல்லை. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குக்கூட வண்டியில் போகிறார்கள். வெற்றிலையைக் குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து வைத்திருந்தான் கடைக்காரன்.

படத்தின் கதையைச் சுந்தரி அம்மாளிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"ஏனுங்க, இதுக்குப் போயி இவ்வளவு கவலைப்படறீங்க. அந்த முக்குல ஒரு போட்டோ ஷாப் இருக்குதுங்க. கம்ப்யூட்டர்லயே சட்டையை சேஞ்ச் பண்ணிக் குடுத்துருவாங்க. எங்க மாமனாருக்கு கோட்டு சூட்டுப் போட்டுக் குடுத்தாங்கல்ல, அவரு ஆயுசுல கோட்டே போட்டதில்லீங்க."

போனோம். வீட்டுக்குப் போய் எடுத்துவந்த படத்தைக் கடைக்காரப் பையன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "யூனிஃபார்மை எடுத்துட்டு வெள்ளைச் சட்டை போட்டுடலாம் அங்கிள். மெடலையும் தூக்கிடலாம். நாளைக்கு ரெடி" என்றான். அப்பா பிரெஞ்சுத் தேசிய நாள் என்று ஒவ்வொரு ஜூலை பதினாலுக்கும் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தவர். அது சரியா தப்பா என்பது வேறு. இல்லாத சட்டையில் அவரை இன்னொருத்தர் வீட்டு மேடையில் ஏற்றினால் அங்கே இருப்பது என் அப்பா இல்லை. படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தன் யோசனையை நான் தட்டிவிட்டதில் சுந்தரி அம்மாளுக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை, கயலுக்குச் சொல்லாமல், மின் எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தோடு பஸ் ஏறினேன். படம் மஞ்சப்பையில். ஹூஸ்டனில் பஸ் ஏறுவது நான் செய்த முட்டாள்தனங்களில் ஒன்று. ஓட்டுநரையும் என்னையும் தவிர இன்னும் ஒரே ஒரு பெண்மணி, அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். நிறுத்தம் தெரியாமல் தாண்டிப்போய் இறங்கினேன். நடைபாதை கிடையாது. பள்ளத்து ஓரமாகப் புல்லில் நடந்தேன். ஒரு பெரிய வண்டிக்காரர் நிறுத்தி, வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார். வண்டியே இல்லை என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மின்னின் அப்பா பெயர் லாம். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சைகோனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இங்கே பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, என்னுடையது அவருக்குப் புரியவில்லை. சட்டென்று பிரெஞ்சில் பேசினார். நானும் பிரெஞ்சில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தேநீர் கொடுத்தார். பையிலிருந்து படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சுற்றி வளைக்கத் தெரியாதவன் நான். "என் அப்பா. உங்கள் நாட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ஹைஃபாங் துறைமுகத்தில் காவல். உங்கள் தந்தை எப்படி இறந்தார் என்று மின் சொன்னான். நீங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குண்டு போட்டதற்கு அப்புறம்தான் அப்பா அங்கே போனார்" என்று நான் சேர்த்துச் சொன்னேன். "அடுத்த வருடம்."

"அப்புறம் வந்தவர்களால்தான் அது எட்டு வருடம் நடந்தது" என்றார் லாம். குரலை உயர்த்தவில்லை.

பிறகு கேட்டார்: "எதற்காகப் போனேன் என்று உங்கள் அப்பா சொல்லியிருக்கிறாரா?"

"ஒழுங்கு கெட்டுப்போயிருந்தது, சரி செய்யப் போனோம் என்பார்."

"நீங்கள் படித்தவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பாடம் ஒப்பிக்கிறவன் போலச் சொன்னேன். துறைமுகத்தில் சுங்கம் வசூலிப்பது யார் என்ற தகராறு. கள்ளச் சரக்கு ஏற்றிய சீனப் படகு ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது. அதற்கு முன்னால் கோடைகாலம் முழுக்கப் பிரான்சில் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. தெற்குப் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளப் பிரெஞ்சு அதிகாரிகள் நினைத்தது.

"எல்லாம் சரி" என்றார். "ஒரு படகுக்காக ஒரு ஊரை எரிப்பார்களா? அது தீக்குச்சி. விறகு எப்போது அடுக்கினார்கள் என்று கேளுங்கள்."

அவர் அப்பா உப்பளத்துக்காரர். தன் பாத்தியில் விளைந்த உப்பைத் தன் வீட்டுக்கு ஒரு கைப்பிடி எடுத்தால் குற்றம். அரசாங்கத்துக்கு அவர்கள் சொன்ன விலைக்கு விற்று, அவர்கள் சொன்ன விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். சாராயமும் அப்படித்தான். ஊருக்கு இவ்வளவு குடித்தே ஆகவேண்டும் என்று ஏற்றி அனுப்புவார்களாம். குடிக்காத ஊர்மேல் சந்தேகம். ஆளுக்கு ஒரு தலைவரி. சந்தையில் நின்று வரி வாங்கியவர்களில் எங்கள் ஊர்த் தமிழர்களும் உண்டு, அவர்களை அங்கே ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லவந்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"அப்புறம் பஞ்சம். வயலில் நெல்லைப் பிடுங்கிச் சணல் போடச் சொன்னது ஜப்பான்காரன். மிச்ச நெல்லை அள்ளிக்கொண்டு போனது பிரெஞ்சு நிர்வாகம். காலையில் கதவைத் திறக்க என் அம்மா பயப்படுவாள், வாசலில் யாராவது கிடப்பார்கள். ஜப்பான்காரன் தோற்றான். எங்கள் கொடியை ஏற்றினோம், பாட்டுப் பாடினோம். நான் சின்னப் பையன், எனக்கும் ஒரு காகிதக் கொடி கொடுத்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தோம். மறு வருடம் பார்த்தால் கடலில் அதே கப்பல். அப்பா உப்பு விற்க நகரத்துக்குப் போன நாளில்தான் சுட்டார்கள்."

வெளியே புல் வெட்டும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் போரில் ஜெயித்த கட்சிக்காரர்களுக்குப் பயந்துதான் முதலில் சைகோனுக்கு ஓடினேன், அவர்கள் அங்கேயும் வந்ததும் படகில் ஏறி இங்கே வந்தேன். அதனால் பிரெஞ்சுக்காரன் செய்தது சரி என்று ஆகிவிடாது" என்றார்.

கோப்பையில் ஆறிப்போயிருந்த தேநீரைக் குடித்தேன்.

"உங்கள் மகளை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணம் நடக்கட்டும். ஆனால் இவரை உள்ளே வைக்க முடியாது. என் அப்பா பக்கத்தில் இவரை உட்கார வைத்தால் அவர் எழுந்து போய்விடுவார்." என் கோப்பையை மறுபடி நிரப்பிவிட்டு, "வெளியே வைக்கலாம். எங்கள் வழக்கத்தில் வீட்டு மூத்தோருக்கு உள்ளே, வெளி ஆட்களுக்கு வாசலில். தெரியாத ஊரில் செத்தவர்கள், அனாதைகள், சண்டைக்கு வந்த வேற்றுநாட்டுச் சிப்பாய்கள், எல்லோருக்கும் வாசலில் ஒரு ஊதுவத்தி உண்டு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் அப்பா அனாதை இல்லை. வீட்டில், என் மடியில் செத்தார். அவரை வாசலில் பிச்சைக்காரன் மாதிரி உட்கார வைக்கவா கடல் தாண்டி வந்தேன்?" என்று பிரெஞ்சில் கத்தினேன். படத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை கோபமாக நடந்தேன். அப்புறம்தான் அந்த ஊரில் கோபித்துக்கொண்டு நடந்து போக வழியில்லை என்பது ஞாபகம் வந்தது. லாம் வண்டிச் சாவியோடு வந்தார். என்னைக் கயல் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

சனிக்கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. கயல் ரசம் வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். மின் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

"அப்பா, நீங்க வேணாம்னு சொன்னா நாளைக்கு ஃபங்ஷனை கேன்சல் பண்ணிடலாம். நெஜமாத்தான் சொல்றேன். ஆனா தாத்தாவைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு நான் அங்க போய் நிக்க மாட்டேன். அவங்க வாசல்லயாவது வைக்கிறேன்னு சொல்றாங்க. நாம ஒளிச்சு வைக்கலாம்னு பாத்தோம்."

"உனக்கு அந்தப் பையனை விட முடியுமா?"

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அப்பாவை விட்டுக்கொடுப்பதா, இவளை விட்டுக்கொடுப்பதா என்று அந்தச் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். அப்பா உயிரோடு இருந்தால் என்ன சொல்வார் என்றும் யோசித்துப் பார்த்தேன். ஹைஃபாங்கைப் பற்றி அவர் எங்களிடம் ஒழுங்கு என்ற அந்த ஒரு வரியையும் நெம் சுருட்டும் பக்குவத்தையும் தவிர எதுவும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டேன்.

"காலைல சீக்கிரம் கெளம்பணும்" என்றேன். கயல் எழுந்துவந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குத் தட்டு சுமந்து வரவேண்டுமாம். பெண் வீடு புதுச்சேரியில் இருப்பதால் எல்லாம் லாம் வீட்டிலேயே நடந்தது. சிவப்புத் துணி போர்த்திய வட்டத் தட்டுகள். முதல் தட்டைத் திறந்தார்கள்: குலையோடு பச்சைப் பாக்கு, சுற்றிலும் அடுக்கிய வெற்றிலை. நான் ஹில்கிராஃப்டில் வாங்கிய வெற்றிலைத் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். "'இவங்களுக்கும் இதேதானா, அப்ப சொல்லிக்கொடுக்க வேணாம்'னு சொல்றாங்க" என்று மின் சொன்னான்.

வாசலில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி, சாமந்திப் பூ, மணல் நிரப்பிய கிண்ணம். அப்பாவை நானே அங்கே வைத்தேன். வெயில் கண்ணாடியில் அடித்தது, கொஞ்சம் திருப்பி வைத்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மேடையில் ஒரே படம். மெலிந்த, தொப்பியில்லாத ஒரு மனிதர். நாற்பது வயதுகூட இருக்காது, தன் மகனைவிட இளையவராக இருந்தார். லாம் ஊதுவத்திகளைக் கும்பிட்ட கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகவே பேசினார். மந்திரம் என்று நினைத்தேன். மின் என் காதருகே மொழிபெயர்த்தான்.

"அப்பா, உங்க பேரனுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு கயல். நல்ல பொண்ணு. அவளோட தாத்தா பிரெஞ்சுக்காரனோட துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நம்ம ஊருக்கு வந்தவர். உங்ககிட்ட மறைக்கல. அவரை உள்ள கூப்பிடல, வாசல்ல இருக்கார். அவர் மகன் உள்ள இருக்கார், அவராவே வந்து எங்கிட்ட உண்மையைச் சொன்னார். உங்களுக்குக் கோபம்னா எங்கிட்ட கோபிச்சுக்கங்க. பிள்ளைங்ககிட்ட வேணாம்."

கயலும் மின்னும் விழுந்து கும்பிட்டார்கள். வெற்றிலையைக் கிள்ளிப் பாக்கோடு இரண்டு பக்கமும் மாற்றினோம். நம் தாம்பூலம் போலவேதான், சுண்ணாம்பு உட்பட. யாரோ கைதட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் கேக்குக்கு ஓடினார்கள்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அப்பா முன்னால் ஊதுவத்தி இல்லாமல் மணல் வெறுமனே இருந்தது. நெருப்புப்பெட்டி தேடிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. லாம் வந்தார். ஒரு கையில் எரிகிற ஊதுவத்தி, ஒரு கையில் தேநீர்க் கோப்பை. என்னைப் பார்க்கவில்லை. படத்துக்கு நேரே போய் நின்றார். ஊதுவத்தியை மணலில் நட்டார். கோப்பையை இரண்டு கையாலும் வைத்தார். வியட்நாம் மொழியில் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்றுதானோ என்னவோ, பிரெஞ்சில் பேசினார். பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடுதான் பேசினார்.

"ஐயா, போன தடவை உங்களை யாரும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை நான் கூப்பிட்டிருக்கிறேன். தேநீர் சாப்பிடுங்கள்."

அப்பா பக்கத்தில், அந்த வாசற்படியில் உட்கார்ந்து, அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழாதவன், அழுதேன்.